பல் விழுந்தால் பாலைத் தேடு

“பல்லு போனா சொல்லு போச்சு” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். முதுமையைப் பற்றிய பழமொழி அது. எனக்கோ அது ஒன்பது வயதிலேயே பலித்துவிட்டது.

1988ஆம் ஆண்டு. கெடா மாநிலத்தில், பீடோங் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். ஒரு நாள் மாலை, பிரட்டுக் களத்திற்குப் பக்கத்துத் திடலில் பந்து விளையாடிக்கொண்டிருந்தபோது, துள்ளி எழுந்த நண்பனின் தலை என் வாயில் மோதியது. மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு புல்லில் விழுந்தது. வலியை விட வியப்புதான் அதிகம். அவ்வளவு நீளமான பல் என் வாய்க்குள் இருந்தது என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

தோட்டத்து மருந்தகத்தில் டிரஸ்ஸர் ஐயா பஞ்சை வைத்து அழுத்தினார். இரத்தம் நின்றது. “ஒண்ணும் இல்ல, சரியாயிடும்” என்று முதுகைத் தட்டி அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் பாட்டி என் கையிலிருந்த பல்லை வாங்கினார். மாட்டுச் சாணத்தில் பொதிந்து, எங்கள் லயத்தின் தகரக் கூரை மேல் எறிந்தார். “புதுப் பல்லு சீக்கிரம் மொளைச்சிடும், போ” என்றார். தகரத்தில் அது உருண்ட ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது.

அந்தப் பல் முளைக்கவே இல்லை. ஒவ்வொரு நாளும் பள்ளிக்குப் போகுமுன் கண்ணாடியைப் பார்ப்பேன். மறு ஆண்டு தமிழ்ப்பள்ளியில் பேச்சுப் போட்டி. மேடையேறி “அனைவருக்கும் வணக்கம்” என்றேன். ‘வ’ வரவில்லை, காற்றுதான் வந்தது. முன்வரிசையில் சிரிப்பு எழுந்தது. நான் தொடர்ந்து பேசவில்லை. அதன்பின் இடைநிலைப் பள்ளியை முடிக்கும்வரை எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்துப் பல்கலைக்கழகத்தில் தொல்காப்பியப் பிறப்பியலைப் படித்தேன். வகரம் பிறக்க மேற்பல்லும் கீழிதழும் பொருந்த வேண்டும், தகரமும் நகரமும் பிறக்க நாக்கு பல்லின் அடியைத் தொட வேண்டும் என்ற விளக்கத்தை விரிவுரையாளர் நடத்தியபோது, வகுப்பில் அதை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர் யாரும் இருந்திருக்க முடியாது!

இதில் யார் மேல் குற்றம் சொல்வது? டிரஸ்ஸர் ஐயா இரத்தத்தை நிறுத்தினார். பாட்டி வழிவழியாக வந்த சடங்கைச் செய்தார். நண்பன் பல்லைத் தேடி எடுத்துக் கொடுத்தான். எல்லாரும் என் மீது அன்பு கொண்டவர்கள்தாம். ஆனால், விழுந்த பல்லை அதே குழியில் திரும்ப வைக்கலாம் என்ற ஒரு செய்தி மட்டும் அந்தத் தோட்டத்தில் ஒருவரிடமும் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்தச் செய்தி நம் மக்களிடம் போய்ச் சேரவில்லை என்பதுதான் இக்கட்டுரையை நான் எழுதக் காரணம்.

பாட்டி எறிந்தது எந்தப் பல்?

சாணத்தில் வைத்துக் கூரையில் எறிவது பால்பல்லுக்கு உரிய வழக்கம். பால்பல் தானாக ஆடி விழும்போது அதன் வேர் பெரும்பாலும் கரைந்து போயிருக்கும். கையில் எடுத்தால் சிறு சிப்பி போல் இருக்கும். அதை எறிந்தால் நட்டமில்லை. அடியில் நிலையான பல் காத்திருக்கிறது. என் பல்லோ நீண்ட வேருடைய நிலையான பல். அதற்கு அடியில் எதுவும் காத்திருக்கவில்லை.

மேல்வரிசையின் நடு முன்பற்கள் இரண்டும் ஏழு, எட்டு வயதில் முளைக்கின்றன. ஓடி ஆடி விழும் வயதும் அதுவே. எனவே தொடக்கப்பள்ளி மாணவர்களிடையேதான் இவ்விபத்து அதிகம் நேர்கிறது. புதிதாக முளைத்த பல்லைப் பிடித்திருக்கும் எலும்பும் நாரும் இன்னும் இறுகாமல் இருப்பதால் ஒரே அடியில் பல் முழுதாகக் கழன்று வந்துவிடும். பால்பல் விழும் வயதும் நிலையான பல்லை இழக்கும் வயதும் இப்படி ஒன்றோடொன்று கலந்திருப்பதால்தான் பெற்றோர் ஏமாந்துபோகின்றனர். “எப்படியும் முளைக்கும்” என்ற நம்பிக்கையில் எத்தனை நல்ல பற்கள் கூரைக்கும் குப்பைக்கும் போயிருக்குமோ!

ஆகவே முதல் பாடம் இது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு அடிபட்டு முன்பல் விழுந்தால், அது நிலையான பல்லாக இருக்கலாம் என்றே முதலில் எண்ண வேண்டும். பால்பல்லாக இருந்தால் அதைத் திரும்ப வைக்கக் கூடாது. உள்ளே வளரும் புதுப் பல்லின் கரு பாதிக்கப்படும். எந்தப் பல் என்று ஐயமாக இருந்தால் குழியில் தள்ளாமல், பாலில் போட்டுப் பல் மருத்துவரிடம் கொண்டு போனால் போதும்.

விழுந்த பல்லுக்கும் உயிர் உண்டு

நாம் பல்லைக் கல்லைப் போல நினைக்கிறோம். உண்மையில் பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய நார்ச்சவ்வு ஒன்று இருக்கிறது. பல்லையும் தாடை எலும்பையும் இணைப்பது அதுதான். பல் கழன்று விழும்போது இந்தச் சவ்வு கிழிந்து, அதன் ஒரு பகுதி வேரின் மேலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது. அதிலுள்ள உயிரணுக்கள் உயிரோடு இருக்கும் வரையில், குழியில் திரும்ப வைத்த பல் மீண்டும் பிடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அவை காய்ந்து இறந்துவிட்டால், வேர் எலும்போடு நேரடியாக ஒட்டிப்போய், சில ஆண்டுகளில் சிறிது சிறிதாகக் கரைந்துவிடும்.

அப்படியானால் எவ்வளவு நேரம் இருக்கிறது? பல் காயங்களுக்கான அனைத்துலகக் கழகம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி இதை மூன்று நிலைகளாகப் பிரிக்கிறது. உடனே, அல்லது ஏறக்குறைய 15 நிமிடத்திற்குள் குழியில் வைத்த பல்லின் உயிரணுக்கள் பெரும்பாலும் பிழைத்திருக்கும். பால் போன்ற பொருத்தமான திரவத்தில் வைத்து, வெளியே காய்ந்த நேரம் 60 நிமிடத்திற்குக் குறைவாக இருந்தால், சில உயிரணுக்களாவது பிழைத்திருக்கலாம். அறுபது நிமிடத்திற்கு மேல் காய்ந்துவிட்டால் அவை இறந்துவிட்டன என்றே கொள்ள வேண்டும். அந்நிலையிலும் பல்லைத் திரும்ப வைக்கவே பெரும்பாலும் அறிவுறுத்துகிறார்கள். சில ஆண்டுகளே நின்றாலும், பிள்ளை வளரும் காலத்தில் தாடை எலும்பு குறுகாமல் அது காக்கும். எனவே “நேரமாகிவிட்டது” என்று யாரும் பல்லைத் தூக்கி எறிய வேண்டாம்.

செய்ய வேண்டியவை

முதலில் பிள்ளையைக் கவனியுங்கள். மயக்கம், வாந்தி, தலையில் பலத்த அடி, தாடை முறிவு ஆகியவை இருந்தால் பல் இரண்டாம் பட்சம்; மருத்துவமனைக்கு ஓடுங்கள். இல்லையேல் ஒருவர் பிள்ளையை உட்கார வைக்கட்டும், இன்னொருவர் பல்லைத் தேடட்டும். பல் கிடைக்காவிட்டால் மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அது விழுங்கப்பட்டிருக்கலாம், மூச்சுக்குழாய்க்குள்ளும் போயிருக்கலாம்.

கிடைத்த பல்லை வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும். வேரைத் தொடக் கூடாது. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ, மருந்தகத்து உப்புநீரிலோ, பிள்ளையின் எச்சிலிலோ மெதுவாக ஒருமுறை அலச வேண்டும். தேய்க்கக் கூடாது. சவர்க்காரம், மஞ்சள், பற்பசை, டெட்டோல் எதுவும் கூடாது. நம்மவர்க்குச் சுத்தம் என்றால் தேய்த்துக் கழுவுவது. இங்கே அந்த நல்ல பழக்கமே கேடாகிவிடும். தேய்க்கும்போது போவது அழுக்கு மட்டுமன்று. நாம் காப்பாற்ற நினைக்கும் உயிரணுக்களும்தான்.

பிறகு, பக்கத்துப் பல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறதோ அந்தப் பக்கமாகத் திருப்பி, பல்லை மெதுவாகக் குழிக்குள் அழுத்த வேண்டும். சுத்தமான கைக்குட்டையை மடித்துக் கடிக்கச் சொல்ல வேண்டும். அப்படியே பல் மருத்துவரிடம் போக வேண்டும். இதைக் கேட்டதும் பலருக்கு உடல் கூசும். எனக்கும் கூசியது. ஆனால் மருத்துவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். ஏனென்றால், பல்லுக்கு அதன் குழியை விடச் சிறந்த இடம் வேறில்லை.

துணிவு வரவில்லையா? பிள்ளை ஒத்துழைக்கவில்லையா? உடனே பல்லைப் பாலில் போடுங்கள். பால் இல்லாவிட்டால் ஒரு குவளையில் பிள்ளையை எச்சிலைத் துப்பச் சொல்லி அதில் போடுங்கள். உணவை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் காற்றுப் புகாமல் சுற்றி வைத்தாலும் காய்வது தடைபடும். பெரியவர்கள் பல்லைக் கன்னத்திற்கும் கடைவாய்க்கும் இடையில் ஒதுக்கிக்கொண்டு போகலாம். சிறு பிள்ளைகள் விழுங்கிவிடுவார்கள். அவர்களுக்கு இந்த முறை வேண்டாம்.

பைப்புத் தண்ணீரில் ஊற வைக்கக் கூடாது. தண்ணீரில் உப்புச்சத்து மிகக் குறைவு என்பதால் அது உயிரணுக்களுக்குள் புகுந்து அவற்றை வெடிக்கச் செய்யும். பால் நம் உடலின் உப்புநிலைக்கு நெருங்கியது. அதன் புளிப்புத் தன்மையும் மிகக் குறைவு. காய்ச்சிப் பதப்படுத்தியதில் கிருமிகளும் குறைவு. எல்லாவற்றிற்கும் மேலாக, எங்கும் கிடைக்கும். குளிர்ந்த பாலில் பல் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும்.

இளநீர் ஆகாதா என்று கேட்பீர்கள். தோட்டத்தில் பாலை விட இளநீர்தானே எளிது! சென்னைப் பல் மருத்துவ ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில் இளநீர் நல்ல பலன் தந்தது. ஆனால் அது சற்றுப் புளிப்புத் தன்மை உடையது. பிறகு பிற நாடுகளில் நடந்த ஆய்வுகள் அதே முடிவுக்கு வரவில்லை. 2020ஆம் ஆண்டு வழிகாட்டியின் பட்டியலிலும் இளநீர் இல்லை. ஆகவே, பால் கிடைக்கும் இடத்தில் பாலையே தேடுங்கள்.

பல் மருத்துவர் பல்லைச் சரியாக அமர்த்தி, வளையக்கூடிய மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு இரண்டு வாரம் பிணைத்து வைப்பார். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தருவார். பல் மண்ணில் விழுந்திருந்தால் டெட்டனஸ் ஊசியைப் பற்றியும் கேட்பார். வேர் முழுதாக வளர்ந்த பல்லாயின் இரண்டு வாரத்திற்குள் வேர்ச் சிகிச்சை தொடங்க வேண்டும். நம்மவர் பலர் வலி போனதும் மருத்துவரை மறந்துவிடுவார்கள். இதில் அப்படி விடக் கூடாது. குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்குத் தொடர்ந்து காட்ட வேண்டும்.

எந்தப் பால்?

இனி நான் சொல்லப்போவதுதான் இக்கட்டுரையின் மையம். இடைநிலைப் பள்ளி ஆசிரியனான நான், மேற்சொன்னவற்றைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முதலுதவிப் பயிற்சியில்தான் கற்றேன். மலாயில் நடந்த பயிற்சி. குறிப்பெடுத்துக்கொண்டேன், பல்லைப் பாலில் வைப்பது இவ்வளவு எளிதா என்று வியந்தேன். கடந்த ஆண்டு அது எளிதன்று என்று தெரிந்தது.

என் தங்கை சுங்கைப் பட்டாணியில் ஒரு தாமானில் வசிக்கிறாள். அவளுடைய பதினொரு வயது மகன் சைக்கிளிலிருந்து கால்வாய்த் திட்டில் விழுந்தான். தொலைபேசியில் தங்கை அழுதாள்.

“அண்ணே, தம்பிக்கு முன்பல்லு விழுந்திருச்சு!”

“பல்லு எங்க இருக்கு?”

“டிஸ்யூல சுத்தி வச்சிருக்கேன்.”

“டிஸ்யூல வேணாம், காஞ்சிடும். உடனே பால்ல போடு.”

ஒரு நொடி அமைதி. பிறகு கேட்டாள்: “டின் பாலத் தண்ணியில கலக்கிப் போடவா, அப்படியே ஊத்தவா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் கேட்டதில் தவறே இல்லை. எங்கள் வீட்டில் பால் என்றால் அதுதான். தேநீரில் ஊற்றும் இனிப்புப் பால்; தகர டின்னில் இரண்டு ஓட்டை போட்டு, எறும்பு ஏறாமல் தண்ணீர்த் தட்டில் வைத்திருப்போமே, அதே பால். அதில் சீனி அளவுக்கு மீறி இருக்கிறது. சீனிப்பாகு உயிரணுக்களிலுள்ள நீரை உறிஞ்சி அவற்றைச் சுருங்கச் செய்யும். பல்லை அதில் போடுவது அதைக் காப்பாற்றுவதாகாது.

“டின் பால் வேணாம். தம்பிய ஒரு கப்புல எச்சி துப்பச் சொல்லி அதுல பல்லப் போடு. அப்புறம் பக்கத்து வீட்டுல டப்பா பால் இருக்கான்னு கேளு. இனிப்பு போடாத வெள்ளப் பால்” என்றேன். பக்கத்து வீட்டு மக்சிக் குளிர்பெட்டியிலிருந்து ஒரு பெட்டிப் பால் கொடுத்தார். பல் வெளியே காய்ந்த நேரம் ஏறக்குறைய பதினைந்து நிமிடம். ஒரு மணி நேரத்திற்குள் பல் மருத்துவர் அதைக் குழியில் வைத்துப் பிணைத்துவிட்டார். வேர்ச் சிகிச்சையும் முடிந்தது. ஓராண்டு கடந்தும் பல் நிற்கிறது. “நிரந்தரமா நிக்கும்னு சொல்ல மாட்டேன், தொடர்ந்து கொண்டு வாங்க” என்கிறார் மருத்துவர். நிற்கும்வரை நிற்கட்டும்! அவன் இவ்வாண்டு பள்ளியில் பேச்சுப் போட்டியில் கலந்துகொண்டான். ‘வ’ நன்றாகவே வந்தது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ‘பால்’ என்ற ஒரே சொல் கெடாவில் எத்தனை பொருள் தருகிறது என்று எண்ணிப் பார்த்தேன். என் தாத்தா பாட்டிக்குப் பால் என்பது மரத்திலிருந்து வடிவது; பால்வெட்டு, ஒட்டுப்பால் என்று அவர்கள் வாழ்வே அதில்தான். என் அம்மாவுக்கும் தங்கைக்கும் அது டின் பால். லயத்தில் மாடு வளர்த்தவர்களுக்கு அது கறந்த பால். 1983இல் தொடங்கிய பள்ளிப் பால் திட்டத்தில் படித்த எங்கள் தலைமுறைக்கு அது பள்ளியில் கிடைத்த பெட்டிப் பால். அதிலும் வாசனையும் இனிப்பும் சேர்த்ததையே நாங்கள் விரும்பிக் குடித்தோம். ‘பல்லைப் பாலில் வை’ என்ற அறிவுரையை உலகமெல்லாம் சொல்லலாம். அது எந்தப் பால் என்று சொல்லாவிட்டால் எங்கள் அடுப்படியில் அது தவறான அறிவுரையாகிவிடும்.

மருத்துவ அறிவு நம்மிடம் இல்லாமல் இல்லை. 1949இலேயே, நியூசிலாந்து நாட்டின் முறையைப் பின்பற்றி, பள்ளிப் பல் தாதியருக்கான பயிற்சிப் பள்ளி பக்கத்துப் பினாங்கில் தொடங்கப்பட்டது. அங்குப் பயின்றவர்கள்தாம் நம் பள்ளிகளுக்கு வந்து, பல் துலக்கக் கற்றுத் தந்த ‘மிஸ்ஸி’கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1972 முதல் பல் மருத்துவப் புலம் இருக்கிறது. நம் சமுதாயத்தின் முயற்சியில் உருவான எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் பீடோங்கை ஒட்டிய செமிலிங்கில், அதாவது என் பல் விழுந்த வட்டாரத்திலேயே, பல் மருத்துவர்களை உருவாக்குகிறது. பல் விழுந்தால் என்ன செய்வது என்ற சுவரொட்டியும் பல மொழிகளில் வந்திருக்கிறது. அப்படியிருந்தும் அந்த அறிவு கடைசி ஒரு கல் தூரத்தைக் கடந்து அடுப்படிக்கு வரவில்லை. ஏன்? அந்தக் கடைசி தூரத்தைக் கடக்க வேண்டியது மொழி.

தூரமே காரணம்

“பட்டணத்தில் கிளினிக் இருக்கிறதே, கொண்டு போனால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்று சிலர் சொல்லலாம். பட்டணத்துக்காரர்களுக்கு அது பொருந்தும். தோட்டத்தின் கதை வேறு. என் காலத்தில் லயத்திலிருந்து பெரிய சடக்குக்கு வரவே செம்மண் பாதையில் அரை மணி நேரம். அங்கே பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். வாரக் கடைசி என்றால் பல் கிளினிக்கே மூடியிருக்கும். அறுபது நிமிடம் சடக்கிலேயே கரைந்துவிடும்.

இன்று பல தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. எங்கள் லயம் இருந்த இடத்தில் இப்போது மாடி வீடுகள் நிற்கின்றன. நம் மக்கள் சுங்கைப் பட்டாணி, கூலிம், பாடாங் செராய் எனப் பட்டணங்களுக்கு வந்துவிட்டார்கள். தோட்டத்தோடு டிரஸ்ஸரும் போய்விட்டார். குறையிருந்தாலும் கூப்பிட்ட குரலுக்கு வந்த ஒரே மருத்துவத் துணை அவர்தான். பட்டணத்தில் கிளினிக் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் தாய் தொழிற்சாலையில், தந்தை லோரியில், பிள்ளை பாட்டியிடம். தூரம் குறைந்தாலும் நேரம் குறையவில்லை.

ஆகையால்தான், மருத்துவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறாரோ அவ்வளவுக்கு இந்த அறிவு பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறேன். சாலையை நாம் சுருக்க முடியாது. ஒரு குவளைப் பாலால் பல்லின் ஆயுளை நீட்டிக்க முடியும். பல்லைத் திரும்ப வைக்கத் துணிந்த ஒரு கை இருந்தால், தூரம் என்ற பேச்சே பாதி மறைந்துவிடும்.

நம் கடப்பாடு

நம் சமுதாயத்திற்கு இதை விடப் பெரிய சிக்கல்கள் இல்லையா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அவற்றைத் தீர்க்கப் பணமும் சட்டமும் பல ஆண்டுகளும் வேண்டும். இதைத் தீர்க்கப் பத்து நிமிடம் போதும். மேலும், முன்பல் இல்லாத பிள்ளையின் துன்பம் சிறியதன்று. வாயை மூடிச் சிரிக்கும் பழக்கம், மேடையைக் கண்டால் ஒதுங்கும் பழக்கம், நேர்முகத் தேர்வில் தலை குனியும் பழக்கம் எல்லாம் அங்கிருந்து தொடங்கலாம். நான் அப்படித்தான் வளர்ந்தேன். பிறகு செயற்கைப் பல் பொருத்த ஆயிரக்கணக்கான ரிங்கிட் வேண்டும். வசதியுள்ள குடும்பம் பொருத்திக்கொள்ளும். மற்றவர்கள் கம்பி போட்ட பொய்ப்பல்லோடு காலம் தள்ளுவார்கள்.

இன்னொருவர், “இது பல் மருத்துவர்களின் வேலை, தமிழ்மொழிக் கழகத்திற்கு இதில் என்ன வேலை?” என்றார். என் தங்கையின் கேள்விதான் அதற்கு விடை. பல் மருத்துவர் ‘பால்’ என்பார். அது டின் பாலன்று என்று சொல்ல, அந்த அடுப்படியில் வளர்ந்தவன் வேண்டும். தோட்டத்திலிருந்தும் தாமானிலிருந்தும் பல்கலைக்கழகத்திற்கு வந்த நம் மாணவர்களை விட அதற்குப் பொருத்தமானவர் யார்?

எளிய செய்தி ஒன்றை லயம் லயமாக எடுத்துச் செல்வது கெடாவுக்குப் புதிதன்று. 1946, 1947ஆம் ஆண்டுகளில் பீடோங் வட்டாரத் தோட்டங்களில் ஏ.எம்.சாமியின் தலைமையில் தொண்டர் படையினர் கள்ளுக்கு எதிராக அணிவகுத்தனர். அவர்களிடம் கைப்பேசியும் புலனமும் இருக்கவில்லை. நடந்தே சொன்னார்கள்.

நம் கழகத்தினர் விடுமுறைதோறும் தமிழ்ப்பள்ளிகளுக்குச் சென்று கல்வி முகாம்கள் நடத்துகிறோம். யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நிறுத்தப்பட்டபின், முகாம்களில் எதைச் சொல்லித் தருவது என்ற கேள்வியும் எழுந்திருக்கிறது. அதில் பத்து நிமிடத்தை இதற்கு ஒதுக்குங்கள். ஒரு பொம்மைத் தாடை, ஒரு பொய்ப்பல், ஒரு பெட்டி வெள்ளைப் பால் போதும். மாணவர்களே பல்லைப் பிடித்து, அலசி, குழியில் வைத்துப் பார்க்கட்டும். பல் மருத்துவம் படிக்கும் நம் மாணவர் ஒருவர் உடன் வந்து சரிபார்க்கட்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் தாய்மார்களிடமும் பாட்டிமார்களிடமும் சொல்லுங்கள். பள்ளி முதலுதவிப் பெட்டியின் மூடியில் ஒரு தாளை ஒட்டுங்கள்: ‘வெள்ளைப் பகுதியைப் பிடி, தேய்க்காதே, குழியில் வை, முடியாவிட்டால் இனிப்பில்லாத வெள்ளைப் பாலில் வை, உடனே பல் மருத்துவரிடம் போ.’ கழன்று விழுந்தது பால்பல் என்றால் குழியில் வைக்கக் கூடாது என்பதையும் அதில் சேருங்கள். சிலம்பம், கபடி, காற்பந்து பயிற்றுநர்களிடமும் இது இருக்கட்டும். விளையாட்டின்போது பற்காப்புறை அணியச் செய்தால் இன்னும் நல்லது.

பாட்டி மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவர் மீது எனக்கு ஒரு துளியும் வருத்தமில்லை. அவருக்குத் தெரிந்ததை அவர் அன்போடு செய்தார். பால்பல்லைக் கூரையில் எறியும் அவருடைய வழக்கம் தொடரட்டும். அதில் ஓர் அழகு இருக்கிறது. ஆனால் நீண்ட வேரோடு ஒரு பல் பிள்ளையின் கையில் இருந்தால், இந்தத் தலைமுறைப் பாட்டிமார் கூரையைப் பார்க்காமல் குளிர்பெட்டியைப் பார்க்க வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம். நம் மொழிக்கு அது எளிதும்கூட. பல்லுக்கும் பாலுக்கும் இடையே ஒரு கால்தான் வேறுபாடு.

பல் விழுந்தால் பாலைத் தேடுங்கள். தெரிந்ததை இன்றே நால்வருக்குச் சொல்லுங்கள்.